அண்ணனின் காப்பி, தங்கையின் காப்பி

ஜோர்டான் நாட்டின் தலைநகர் அம்மான். அங்கே ஒரே வீட்டில் வளர்ந்த அண்ணனும் தங்கையும் காப்பியை வேறுவேறு விதமாகச் சொல்வதுண்டு. நண்பர்களோடு இருக்கும்போது அண்ணனுக்கு அது ‘கஹ்வே’. தங்கைக்கு எப்போதும் ‘அஹ்வே’. ஒரே அம்மாவிடம் பேசக் கற்ற பிள்ளைகள்தான்!

அந்தச் சொல்லின் முதல் எழுத்து ‘காஃப்’. நாக்கின் அடிப்பகுதியை உள்நாக்குவரை தள்ளிக்கொண்டுபோய்க் ‘க’ சொல்லிப் பாருங்கள். எழுத்து அரபியின் காஃப் அதுதான். பேச்சிலோ ஊருக்கு ஊர் மாறும். ஜோர்டானியர் பேச்சில் அது ‘தங்கம்’ என்பதில் வரும் க. பாலஸ்தீனக் கிராமங்கள் பலவற்றில் ‘கடல்’ என்பதில் வரும் க. ஜெருசலேம் போன்ற பாலஸ்தீன நகரங்களில் க-வே கிடையாது. ‘அ-அ’ என்று வெட்டிச் சொல்லுங்கள். நடுவில் தொண்டை ஒரு கணம் அடைபடுகிறதா? அந்த அடைப்புதான் அவர்களுடைய காஃப்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அம்மான் சில ஆயிரம் பேர் வாழ்ந்த சிற்றூர். 1948 அரபு-இஸ்ரேல் போரில் வீடிழந்த பாலஸ்தீனர்கள் அங்கே வந்து குவிந்தார்கள். 1967 போருக்குப் பின் இன்னும் பலர் வந்தார்கள். எல்லாப் பேச்சுகளும் ஒரே தெருவில் கலந்தன.

அதன்பின் நடந்ததை மொழியியலாளர் எனாம் அல்-வேர் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். தாத்தா பாட்டிகள் சொந்த ஊர்ப் பேச்சை விடவில்லை. அவர்களின் பிள்ளைகள் கலந்து பேசினார்கள். பேரப்பிள்ளைகளிடம்தான் ஓர் ஒழுங்கு வந்தது. எந்தக் குடும்பமானாலும் பெண்கள் பெரும்பாலும் தொண்டை அடைப்பைப் பிடித்துக்கொண்டார்கள். நகரத்துப் பேச்சு என்று அதற்கு மதிப்பு. அரசு வேலையிலும் ராணுவத்திலும் ஜோர்டானியர் பேச்சே ஓங்கியிருந்ததால், பையன்களுக்குத் தங்கத்தின் க ஆண்பிள்ளைப் பேச்சாகப் பட்டது. பாலஸ்தீன வீட்டுப் பையன் அம்மாவிடம் ‘அஹ்வே’ கேட்பான். வாசலைத் தாண்டினால் ‘கஹ்வே’தான்! யாரும் சொல்லிக்கொடுக்காமல் பிள்ளைகளே இதைச் செய்துகொண்டதுதான் எனக்குப் பெரிய வியப்பு.

கிராமத்துக் க-வுக்கு மட்டும் அம்மானில் இடம் கிடைக்கவில்லை. பட்டிக்காட்டுப் பேச்சு என்ற ஏளனத்துக்கு அஞ்சிப் பேரப்பிள்ளைகள் அதைக் கைவிட்டார்கள். இது வருத்தமான இழப்பு.

ஆனால் ‘குர்ஆன்’ என்ற சொல் வரும்போது அண்ணனும் தங்கையும் ஒரேபோல அந்தப் பழைய, ஆழமான காஃபையே ஒலிக்கிறார்கள்.