ஜவ்வாது மலை டீம்: பந்து இருக்கு, பஸ் காசு?

ஒரு கபடி டீம்னா களத்துல ஏழு பேர், மாற்று ஆட்களோட சேர்த்து பன்னிரண்டு பேர். இவங்களை ஜமுனாமரத்தூர்ல இருந்து திருவண்ணாமலையில நடக்கிற மாவட்டப் போட்டிக்குக் கூட்டிட்டுப் போய், சாப்பாடு போட்டு, பத்திரமா மலையேத்தணும். அந்தக் காசு எங்கிருந்து வருது? இன்னைக்கு அதைத்தான் பேசப்போறேன்.

அரசுப் பணம் இருக்கு. 2018-ல் வந்த சமக்ர சிக்ஷா திட்டத்துல, வருஷத்துக்குத் தொடக்கப் பள்ளிக்கு 5,000 ரூபாய், நடுநிலைக்கு 10,000, உயர்நிலை, மேல்நிலைக்கு 25,000 வரை விளையாட்டு மானியம். ஆனா அது பந்து, வலை மாதிரி உபகரணத்துக்கு. அதுலயும் 60 சதவீதம் ஒன்றிய அரசோட பங்கு; பி.எம். ஸ்ரீ தகராறுல 2024-25க்கான 2,152 கோடியை டெல்லி நிறுத்தி வெச்சது ஞாபகம் இருக்கும். இலவச பஸ் பாஸ் வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவுலதான் செல்லும்.

ஆளுக்கு 250 ரூபாய்னு வெச்சுக்குவோம், சும்மா கணக்குக்கு. பன்னிரண்டு பிள்ளைங்க, கூடப் போற ரெண்டு பேர்: 3,500. மூணு டீம்னா ஒரே நாள்ல 10,500. பெண்கள் டீம்னா டீச்சர் ஒருத்தராவது கூடப் போகணும், அதையும் மறக்கக்கூடாது. ஜெயிச்சா செலவு இன்னும் ஏறும்!

2022 டிசம்பர்ல தொடங்கின ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ மூலமா முன்னாள் மாணவர்களும் கம்பெனிகளும் பணம் தரலாம். ஆனா தர்றவங்களுக்கு போட்டோவுல தெரியுற பொருள்தான் பிடிக்கும். பஸ் டிக்கெட்டுல யார் பேரை எழுத முடியும்?

அதனால பெற்றோர் ஆசிரியர் கழகத்துல பயணத்துக்குன்னு தனிக் கணக்கு வெக்கிறதுதான் சரின்னு எனக்குத் தோணுது. மாசச் சந்தா மலையில சரிப்படாது. புளி, சாமை விற்குற நேரத்துல வசூல் பண்ணலாம். பணம் பேங்க்ல, எடுக்க ரெண்டு கையெழுத்து. செலவுக் கணக்கை அடுத்த கூட்டத்துல வாசிக்கணும்.

இங்கதான் ஒரு சிக்கல். காசு குடுத்தவங்க பிள்ளைக்குத்தான் சீட்டா? அமெரிக்காவுல ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் பெற்றோர் கிளப், யார் எவ்வளவு நிதி திரட்டினாங்களோ அந்த அளவுக்கு அவங்க பிள்ளையோட கட்டணத்தைக் கழிச்சது. அது பொதுநலம் இல்லைன்னு சொல்லி கிளப்போட வரிவிலக்கை ரத்து பண்ணினாங்க. 2013-ல் வரி நீதிமன்றமும் அது சரின்னு சொல்லிடுச்சு. நம்ம கணக்குலயும் முதல் பக்கத்துலயே எழுதிடலாம்: டீமைத் தேர்ந்தெடுக்கிறது பி.டி. மாஸ்டர், வசூல் நோட்டு இல்ல.