மை போட்டுப் பார்த்தல்

மை போட்டுப் பார்த்தல் என்பது காணாமற்போன மனிதர், கால்நடை, நகை முதலியன எங்குள்ளன என்றும், களவு செய்தவர் யார் என்றும் அறிவதாகக் கூறப்படும் ஒரு குறி பார்க்கும் முறை ஆகும். மை பார்த்தல், அஞ்சனம் பார்த்தல் ஆகிய பெயர்களும் இதற்கு உண்டு. கேரளத்தில் இது மஷிநோட்டம் எனப்படுகின்றது. எவ்வளவு தேடியும் கிடைக்காத பொருளை "மை போட்டுப் பார்த்தாலும் கிடைக்காது" என்று கூறும் பேச்சு வழக்கு தமிழில் உள்ளது. இம்முறையால் காணாமற்போனவரைக் கண்டறிய இயலும் என்பதற்கு அறிவியல் சான்று எதுவும் இல்லை.

செய்முறை

மை பார்ப்பவர் கரிய மையை வெற்றிலையின் மீதோ கட்டைவிரல் நகத்தின் மீதோ தடவுவார். விளக்கொளியில் பளபளக்கும் அம்மையைத் தாமே உற்றுநோக்குவார். அல்லது ஒரு சிறுவனையோ சிறுமியையோ நோக்கச் செய்வார். மையில் முதலில் ஒரு தெய்வ உருவமும், பின்னர் தேடப்படுபவரின் உருவமும் அவர் இருக்கும் இடமும் தோன்றும் என்பது நம்பிக்கை. அதற்கிடையில் மை பார்ப்பவர் காணாமற்போனவரின் பெயர், வயது, புறப்பட்ட நாள், வீட்டில் நிகழ்ந்த சச்சரவுகள் ஆகியவற்றைக் குடும்பத்தாரிடம் கேட்டறிவதும் உண்டு.

பிற நாடுகளில்

பளபளக்கும் பரப்பை உற்றுநோக்கிக் குறி சொல்லும் வழக்கம் உலகின் பல பகுதிகளிலும் இருந்துள்ளது. நீர் நிறைந்த கிண்ணம், கண்ணாடி, பளிங்கு உருண்டை ஆகியன இதற்குப் பயன்பட்டன. எகிப்தில் சிறுவனின் உள்ளங்கையில் மையை ஊற்றித் திருடனைத் தேடும் முறையை எட்வர்டு வில்லியம் லேன் 1836-இல் வெளியிட்ட தம் நூலில் விரிவாக எழுதியுள்ளார். வில்க்கி காலின்சு எழுதி 1868-இல் வெளிவந்த 'தி மூன்சுடோன்' என்னும் துப்பறியும் புதினத்திலும் இந்தியர் சிலர் ஒரு சிறுவனைக் கொண்டு இவ்வாறு மை பார்க்கும் காட்சி இடம்பெறுகின்றது.

உருவம் தெரிவதன் காரணம்

மையில் உருவம் கண்டதாகக் கூறுபவர் அனைவரும் பொய் உரைப்பதாகக் கொள்ள வேண்டியதில்லை. மங்கலான ஒளியில் ஒரே பரப்பை நெடுநேரம் உற்றுநோக்கினால், மாறாமல் நிற்கும் காட்சிக்குரிய பார்வை உணர்வு மங்கத் தொடங்குகின்றது. குறைவுபட்ட அக்காட்சியை மூளை தன் நினைவிலும் எதிர்பார்ப்பிலும் உள்ள வடிவங்களைக் கொண்டு நிரப்புகின்றது. மங்கிய ஒளியில் தம் முகத்தையே கண்ணாடியில் நோக்கியவர்களுள் பலர், ஏறத்தாழ ஒரு நிமிடத்திற்குள் உருமாறிய முகங்களையும் அறியாத முகங்களையும் கண்டதாகக் கூறினர் என்பதை இத்தாலிய உளவியலாளர் சியோவானி கபுத்தோ 2010-இல் வெளியிட்டார். எனவே உருவம் தெரிவது உண்மையான அனுபவமாக இருக்கலாம். ஆனால் அவ்வுருவம் காண்பவரின் மனத்திலிருந்து வருவதேயன்றித் தொலைவில் உள்ள இடத்திலிருந்து வருவதன்று.

இதனால் ஒரு தீங்கும் விளைகின்றது. களவு போன வீட்டில் முன்பே ஐயத்திற்கு ஆளான ஒருவரின் முகமே மையில் தெரிய வாய்ப்பு மிகுதி. குற்றமற்ற ஒருவர் ஊரார் முன் திருடராக்கப்படுவதற்கு அதுவே போதுமானதாகி விடுகின்றது.

குறி பலித்ததாகத் தோன்றுதல்

குறி பெரும்பாலும் பொதுவான சொற்களால் ஆனது. "தெற்குத் திசை, அருகில் தண்ணீர்" என்னும் குறியை எடுத்துக்கொள்வோம். கடலூர் மாவட்டத்தின் கிழக்கே வங்காள விரிகுடா உள்ளது. கடலூர் நகரத்தின் ஊடே கெடிலம் ஓடுகின்றது. பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் கலக்கின்றது. சிதம்பரத்திற்குத் தெற்கே கொள்ளிடமும், கிழக்கே பிச்சாவரம் உப்பங்கழியும், காட்டுமன்னார்கோயில் அருகே வீராணம் ஏரியும் உள்ளன. தேடப்பட்டவர் இம்மாவட்டத்தில் எங்குக் கிடைத்தாலும் அருகில் தண்ணீர் இருக்கும். கிடைத்த பின்னர் குறி பலித்ததாக நினைவு கொள்ளப்படும். கிடைக்காதபோது குறி மறக்கப்படும்.

சிதம்பரத்திற்குத் தெற்கே, சீர்காழிக்கு அருகிலுள்ள வைத்தீசுவரன்கோயிலில் பெயர்பெற்று விளங்கும் நாடி சோதிடத்திலும் இதனை ஒத்த ஒரு கூறு உண்டு. ஆணின் வலக்கைப் பெருவிரல் அல்லது பெண்ணின் இடக்கைப் பெருவிரல் பதிவைக் கொண்டு ஓலைக்கட்டு எடுக்கப்படுகின்றது. பின்னர் ஓலைகளிலிருந்து செய்திகள் ஒவ்வொன்றாகப் படிக்கப்பட, வந்தவர் "ஆம்" அல்லது "இல்லை" என்று விடையளிக்கின்றார். அவ்விடைகளைக் கொண்டே அவருக்குரிய ஓலை முடிவு செய்யப்படுகின்றது.

ஆய்வுகள்

லாசு ஏஞ்சலீசு காவல்துறையின் உளவியலாளர் மார்ட்டின் ரைசரும் உடன் ஆய்வாளர்களும் ஞானதிருட்டி உடையோராகக் கூறப்பட்ட 12 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 1979-இல் வெளிவந்தது. அவர்கள் அளித்த தகவல்கள் குற்றப் புலனாய்வுக்குப் பயன்படவில்லை என்பது அதன் முடிவு. பிரித்தானியாவில் ரிச்சர்டு வைசுமனும் பிறரும் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகையோர் மூவரும் கல்லூரி மாணவர் மூவரும் ஒப்பிடப்பட்டனர். இரு பிரிவினரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

தவறான குறியின் விளைவுக்கு அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் நிகழ்ந்த ஒரு கடத்தல் வழக்கு பரவலாக அறியப்பட்ட எடுத்துக்காட்டு ஆகும். 2003-இல் காணாமற்போன ஓர் இளம்பெண்ணின் தாயிடம், மகள் உயிருடன் இல்லை என்று குறி சொல்லும் சில்வியா பிரவுன் 2004-இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கூறினார். தாய் 2006-இல் காலமானார். மகள் 2013 மே 6 அன்று அதே நகரில் உயிருடன் மீண்டார்.

தொலைக்காட்சித் தொடர்களில்

அமெரிக்கத் தொடரான 'மிஸ்ஸிங்' (2003–2006), மின்னல் தாக்கியதால் காணாமற்போனோரைக் கனவுக்காட்சியில் காணும் ஆற்றல் பெற்ற ஓர் இளம்பெண் நடுவண் புலனாய்வு அமைப்புக்கு உதவுவதைக் கதையாகக் கொண்டது. 'மீடியம்' (2005–2011) தொடரும் இவ்வகையைச் சேர்ந்தது. தமிழில் நாகா இயக்கத்தில், இந்திரா சௌந்தர்ராஜன் கதையில், 2000-களில் சன் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'சிதம்பர ரகசியம்' நாடி சோதிடத்தையும் குற்றப் புலனாய்வையும் இணைத்தது. இத்தகைய கதைகளில் கண்ட காட்சி பெரும்பாலும் மெய்யாகி, தேடலும் முடிவுக்கு வருகின்றது. உண்மை வாழ்வில் பல குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் விடையின்றிக் காத்திருக்கின்றன.

விடை தெரியாத இழப்பு

இறப்பு உறுதியாகாத நிலையில் குடும்பத்தார் அடையும் துயரத்தை அமெரிக்க அறிஞர் பாலின் பாசு "தெளிவற்ற இழப்பு" என்று வகைப்படுத்தினார். காரியம் செய்யவும் முடியாமல், காத்திருக்கவும் முடியாமல் இருப்பவர் ஏதேனும் ஒரு விடையைத் தேடிக் குறி சொல்பவரிடம் செல்வதை இதனால் விளங்கிக்கொள்ளலாம்.

2004 திசம்பர் 26 அன்று நிகழ்ந்த ஆழிப்பேரலையில் கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தேவனாம்பட்டினம், பரங்கிப்பேட்டை, கிள்ளை முதலிய கடலோரப் பகுதிகள் பாதிக்கப்பட்டன. இத்தகைய பேரிடரில் உடல் கிடைக்காதவரின் குடும்பத்திற்கு இறப்புச் சான்றிதழ் பெறுவதும் சிக்கலாகின்றது. பொதுவாக, ஒருவரைப் பற்றி அவரை அறிந்தோர்க்கு ஏழு ஆண்டுகள் செய்தி ஏதும் கிட்டாதிருந்தால், அவர் உயிருடன் இருப்பதாகக் கூறுபவரே அதனை மெய்ப்பிக்க வேண்டும். இந்தியச் சான்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவில் இருந்த இவ்விதி, 2024 சூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதிநியத்தின் 111-ஆம் பிரிவில் உள்ளது. ஆழிப்பேரலையில் காணாமற்போனோருக்கு ஏழு ஆண்டுகள் காத்திராமல் சான்றிதழ் வழங்க நடுவண் அரசு சிறப்பு நடைமுறையை அனுமதித்தது.

சட்ட நடைமுறை

ஒருவர் காணாமற்போனால் 24 மணி நேரம் காத்திருந்த பின்னரே காவல்நிலையத்தில் முறையிட வேண்டும் என்னும் கருத்து தவறானது. இந்தியச் சட்டத்தில் அவ்வாறான விதி இல்லை. குழந்தை காணாமற்போனால் கடத்தல் எனக் கருதி முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்று 2013 மே 10 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. குழந்தைகள் தொடர்பில் 1098, அவசர உதவிக்கு 112 ஆகிய தொலைபேசி எண்கள் உள்ளன. ஒருவர் சட்டத்திற்குப் புறம்பாக அடைத்து வைக்கப்பட்டிருந்தால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யலாம்.

கைப்பேசிக் கோபுரப் பதிவுகள், தொடர்வண்டி நிலையங்களிலும் பேருந்து நிலையங்களிலும் உள்ள கண்காணிப்பு ஒளிப்பதிவுகள், நேரில் கண்டோரின் நினைவு ஆகியன தேடலுக்குப் பயன்படுவன. ஒளிப்பதிவுகள் சில நாட்களிலோ வாரங்களிலோ அழிந்து, அவற்றின் மேல் புதியவை பதிவாகி விடுகின்றன. குறி பார்ப்பதில் கழியும் நாட்களில் இத்தடயங்கள் இழக்கப்படக்கூடும் என்பது குறிப்பிடத்தக்கது.