சல்சாவில் தாளம் தப்புகிறதா? காஞ்சிபுரம் சொல்லித்தரும் 'கோர்வை' ரகசியம்!

"ஸ்டெப் எல்லாம் மனப்பாடம். பாட்டு போட்டதும் கால் முந்திக்கொண்டு ஓடுது!" சல்சா வகுப்புக்குப் புதிதாகப் போகிறவர்களின் வழக்கமான புலம்பல் இது. இதற்கான மருந்து, ஓரிக்கையும் அதைச் சுற்றியுள்ள காஞ்சிபுரமும் தலைமுறைகளாகப் புழங்கிவரும் ஒரே வார்த்தையில் இருக்கிறது. அது, 'கோர்வை'.

தறியில் கோர்வை

காஞ்சிப் பட்டில் சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தறியிலேயே இழைக்கு இழை கோத்துச் சேர்ப்பதுதான் கோர்வை. இதற்கு மூன்று நாடாக்கள், இரண்டு பேர் வேண்டும். நெசவாளர் நெய்துகொண்டிருக்க, பக்கத்தில் இருக்கும் உதவியாளர் ஒரு கரையின் நாடாவைப் போடுவார். ஒருவர் முந்தி இன்னொருவர் பிந்தினால், கரையும் உடலும் சரியாகச் சேராது. ஜோடியாக ஆடும் சல்சாவிலும் இதே கதைதான்.

மேடையில் கோர்வை

பரதநாட்டியத்திலும் கோர்வை உண்டு. அடவுகளைத் தொடுத்து, தாளத்தின் குறித்த இடத்தில் கச்சிதமாக முடிக்கும் தொகுப்புக்கு அதே பெயர்தான்.

1925-ல் காஞ்சிபுரத்தில் அம்மன் கோயில் ஒன்றில் 7 வயதுச் சிறுமி ஒருத்தி அரங்கேறினாள். அவர்தான் பின்னாளில் உலகம் கொண்டாடிய டி.பாலசரஸ்வதி. நட்டுவனார் கந்தப்பா பிள்ளையிடம் கடும் பயிற்சி பெற்றவர். பாட்டி வீணை தனம்மாள், அம்மா ஜெயம்மாள் பாடகி. வீடு முழுக்க சங்கீதம். அபிநயத்தின்போது தானே பாடிக்கொண்டு ஆடுவது பாலாவின் தனி முத்திரை. 1973-ல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்கு 'சங்கீத கலாநிதி' விருது தந்தது. இசை மேதைகளுக்கான அந்த விருது ஒரு நடனக் கலைஞருக்குக் கிடைத்தது சாதாரண விஷயமல்ல. பாட்டு காதில் ஊறிய பிறகுதான் ஆட்டம் காலுக்கு வரும் என்பதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி.

சல்சாவில் எங்கே தப்புகிறது?

கியூபா இசையை வேராகக் கொண்டு, 1960, 70-களில் நியூயார்க்கில் வளர்ந்தது சல்சா. அதன் அடிப்படைக் கணக்கு எட்டு. 1, 2, 3-ல் கால் வைக்க வேண்டும். 4-ல் புதிய அடி கிடையாது. 5, 6, 7-ல் மறுபடி கால். 8-லும் புதிய அடி கிடையாது. பலரும் கோட்டைவிடுவது இந்த 4-லும் 8-லும்தான். காத்திருக்கப் பொறுமையில்லாமல் அடுத்த அடியை வைத்துவிடுகிறார்கள். பிறகு பாட்டு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்!

வீட்டிலேயே செய்து பாருங்கள்

* முதலில் ஆடாதீர்கள். வேகம் குறைந்த சல்சா பாட்டு ஒன்றைப் போட்டு, உட்கார்ந்தபடி ஆதி தாளம் போடுங்கள். தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல்; பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. இதுவும் எட்டுதான்.

* நடுவிரலும் கடைசி வீச்சும் வரும்போது வாயை மூடிக்கொள்ளுங்கள். மற்ற ஆறு இடங்களில் மட்டும் எண்ணைச் சொல்லுங்கள். கால் ஓய வேண்டிய இடம் காதுக்குப் பழகிவிடும்.

* அடுத்து எழுந்து, நின்ற இடத்திலேயே கால் மாற்றுங்கள். சுழற்சியெல்லாம் அப்புறம்.

* அடவுகளை மூன்று காலங்களில் பழகுவதைப்போல, மெதுவில் தொடங்குங்கள். மெதுவில் தப்புகிறவருக்கு வேகத்திலும் தப்பும்.

* ஒரே பாட்டைப் பலமுறை கேளுங்கள். ஒருமுறை கொங்கா மேளத்தை மட்டும், இன்னொருமுறை 'கிளாவே' குச்சிகளின் ஐந்து தட்டுகளை மட்டும் கவனியுங்கள். சில பாடல்களில் கிளாவேயை யாரும் வாசிக்க மாட்டார்கள். ஆனாலும் மற்ற வாத்தியங்கள் அந்தக் கணக்கை ஒட்டியே ஓடும்.

* ஜோடி சேரும்போது உங்கள் காலைப் பார்க்காதீர்கள். எதிரில் இருப்பவர் எடையை மாற்றும் நொடியைக் கை வழியாக உணருங்கள்.

எதிரில் இருப்பவர் தடுமாறினால் இழுத்துக்கொண்டு ஓட வேண்டாம். அடுத்த 'ஒன்று' வரும்வரை இருவருமே நின்று, சேர்ந்தே தொடங்கலாம். தறியிலும் அப்படித்தான். மூன்று நாடாக்களும் சேர்ந்து வந்தால்தான் சேலை!