உங்களுக்குத் தெரியுமா? கடலில் ஒளியும் கப்பல்கள்

● மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் உருவான எக்கோஸ்போர்ட் கார்கள் அமெரிக்கா வரை போயின. ஒரகடம், இருங்காட்டுக்கோட்டைக் கார்களும் சென்னை, எண்ணூர் துறைமுகங்களில் கப்பலேறுகின்றன. அவற்றை ஏற்றிச்செல்லும் கப்பல்கள் தம் பெயரையும் இருப்பிடத்தையும் வேகத்தையும் வானொலி அலையில் சொல்லிக்கொண்டே போகும். ஓடும்போது சில நொடிகளுக்கு ஒருமுறை, நங்கூரமிட்டால் 3 நிமிடத்துக்கு ஒருமுறை. ஏ.ஐ.எஸ். எனப்படும் இந்தக் கருவி, வெளிநாடு செல்லும் 300 டன்னும் அதற்கு மேலுமான கப்பல்களில் 2004 முடிவிலிருந்து கட்டாயம்.

● கருவியை அணைத்துவிட்டால்? 2022 பிப்ரவரி 14 அன்று இஸ்ரோ ஏவிய இ.ஓ.எஸ்.-04 போன்ற ரேடார் செயற்கைக்கோள்கள் இருட்டிலும் மேகத்தினூடேயும் பார்க்கும். படத்தில் கப்பல் இருக்கிறது, ஏ.ஐ.எஸ். வரைபடத்தில் இல்லை என்றால் விசாரணை தொடங்கிவிடும்.

● நடுக்கடலில் காரணமின்றிச் சுற்றுவது, இரண்டு கப்பல்கள் ஒட்டி நிற்பது, பிரிந்தபின் ஒன்று முன்பைவிட ஆழமாய் அமிழ்ந்திருப்பது: இவையும் சந்தேகக் குறிகள்.

● கப்பலின் பெயரையும் கொடியையும் மாற்றலாம். ஆனால் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் (ஐ.எம்.ஓ.) 7 இலக்க எண் மாறாது. முதல் 6 இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டினால், விடையின் கடைசி இலக்கம்தான் 7-வது இலக்கம். 9074729-ஐப் போட்டுப் பாருங்கள்: கூட்டுத்தொகை 139, கடைசி இலக்கம் 9. கற்பனையாக எழுதிய எண் பெரும்பாலும் இங்கேயே மாட்டிக்கொள்ளும்.

● 2013 அக்டோபரில் தூத்துக்குடிக்கு அப்பால் நின்றிருந்த 'சீமேன் கார்டு ஓஹியோ'வைக் கடலோரக் காவல் படையின் 'நாயகி தேவி' கப்பல் மடக்கியது. உள்ளே 35 பேர், 35 துப்பாக்கிகள், ஆயிரக்கணக்கில் தோட்டாக்கள். மீன்பிடிப் படகு மூலம் டீசல் வாங்கியதாகவும் வழக்கு. கடற்கொள்ளையரிடமிருந்து வணிகக் கப்பல்களைக் காக்கும் தனியார் காவலர்கள் நாங்கள் என்றார்கள். 2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் 5 ஆண்டு சிறை விதித்தது. 2017 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை விடுதலை செய்தது. மடக்கியது சரி என்றே நினைக்கிறேன். ஆயுதத்தோடு கரையோரம் நிற்கும் கப்பலை யாரும் சும்மா விட முடியாது. ஆனால் சந்தேகம் குற்றமாகிவிடாது. அதை நிறுவ அந்த 35 குடும்பங்கள் நான்காண்டு தவித்தன.

● கருவியை அணைப்பவர் எல்லாரும் கடத்தல்காரரும் அல்லர். 2023 நவம்பர் 19 அன்று, குஜராத்தின் பிபாவாவ் நோக்கி வந்த 'கேலக்ஸி லீடர்' என்ற கார் ஏற்றும் கப்பலைச் செங்கடலில் ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் பிடித்தார்கள். மாலுமிகள் 25 பேர் விடுதலையானது 2025 ஜனவரியில்தான். அந்தக் கப்பல் பிடிபட்டபின் அவ்வழியே சென்ற பல கப்பல்கள் உயிருக்கு அஞ்சி ஏ.ஐ.எஸ்.ஸை அணைத்தன. ஆபத்து என்று கருதினால் கேப்டன் அப்படிச் செய்ய விதியிலேயே இடமுண்டு.

● நம் கடல்களைக் கண்காணிக்கும் கடற்படைத் தகவல் மையம் இருப்பது கடலே இல்லாத குருகிராமில். 26/11 மும்பைத் தாக்குதலுக்குப் பின் உருவான ஏற்பாடு. 2014 நவம்பரில் திறக்கப்பட்டது.

● அந்தத் தாக்குதலுக்கு வந்தவர்கள் பயன்படுத்தியது 'குபேர்' என்ற மீன்பிடிப் படகு. சிறு படகுகளுக்கு ஏ.ஐ.எஸ். கட்டாயமில்லை என்பதால் அங்கே மீனவரின் கண்தான் ரேடார். அறிமுகமில்லாத படகைக் கண்டால் கடலோரப் பாதுகாப்புக்கு 1093, கடலில் ஆபத்தென்றால் கடலோரக் காவல் படைக்கு 1554.