உங்களுக்குத் தெரியுமா? வரியை விட்டுக்கொடுத்து வீடு பெருக்கும் நகரங்கள்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1995-இல் ஒரு சட்டம் வந்தது. நகருக்குள் அடுக்குமாடி வீடுகளைப் பெருக்க விரும்பும் நகராட்சி, முதலில் அதற்கான எல்லையைக் குறிக்க வேண்டும். நினைத்த இடத்தில் கோடு போட முடியாது. கடை, அலுவலகம், போக்குவரத்து எல்லாம் உள்ள நகர மையமாக அது இருக்க வேண்டும். அங்கே போதிய வீடுகள் இல்லை என்று மன்றம் தீர்மானிக்க வேண்டும். முன்னறிவிப்புக் கொடுத்து மக்கள் கருத்தையும் கேட்க வேண்டும்.

அந்த எல்லைக்குள் குறைந்தது 4 வீடுகள் கொண்ட குடியிருப்பைக் கட்டினால், புதிய வீடுகளின் மதிப்புக்கு 8 ஆண்டுகள் சொத்து வரி இல்லை. நிலத்துக்கும் கீழ்த்தளக் கடைகளுக்கும் வரி உண்டு. 20 சதவீத வீடுகளையாவது குறைந்த, நடுத்தர வருமானக்காரர்களுக்குக் கட்டுப்படியாகும்படி ஒதுக்கினால் சலுகை 12 ஆண்டுகளாக நீளும். 2021-இல் 20 ஆண்டுச் சலுகையும் சேர்ந்தது.

இப்படி விடப்படும் வரியில் ஒரு பகுதி மற்ற சொத்துக்காரர்கள் தலையில்தான் விழுகிறது. ஆகவே, மலிவு வீடுகளை ஒதுக்காதவர்களுக்குச் சலுகையே இல்லை என்று சியாட்டில் நகரம் வைத்திருக்கும் விதி மிகவும் நியாயமானது.