பைக் சீட்டும் பனித்துளியும்

மார்கழி மாசக் காலை. ஃபர்ஸ்ட் ஹவர் கிளாஸுக்கு லேட். ஓடி வந்து பைக்கை எடுத்தால் சீட்டு முழுக்க ஈரம்! கர்ச்சீப்பால் துடைத்தபடி பக்கத்தில் பார்த்தால், வேப்பமரத்தடியில் நிற்கும் நண்பனின் சீட்டு மட்டும் காய்ந்து கிடக்கிறது. எப்படி?

'மரம் பனியைத் தடுத்திருச்சு' என்பீர்கள். அதுதான் இல்லை பாஸ்! பனித்துளி மேலேயிருந்து விழுவதே கிடையாது. காற்றில் இருக்கும் நீராவி, குளிர்ந்த பரப்பைத் தொட்டதும் அங்கேயே தண்ணீராகிறது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் வியர்க்கிறதே, அதே மேட்டர்.

சரி, பைக்குக்கு ஃப்ரிட்ஜ் எது? வானம்! எல்லாப் பொருளும் அகச்சிவப்புக் கதிர்களாக வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். மேகமில்லாத ராத்திரியில் வானத்துக்குப் போகும் வெப்பம் அதிகம், திரும்பி வருவது குறைவு. அதனால் சுற்றியுள்ள காற்றைவிட சீட்டு ஜில்லென்று ஆகிவிடுகிறது. மரத்தடி பைக்குக்கோ வானமே தெரியாது. இலைகள் வெப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

இந்தத் தண்ணீரைப் பிடித்துக் குடித்தால் என்ன? கிரிமியாவின் ஃபியோடோசியா ஊரில் ஜிபோல்ட் என்பவர் அந்தக் காலத்திலேயே யோசித்தார். மலை மேல் கிடந்த பழைய கற்குவியல்களைப் பார்த்து, 'பண்டைய கிரேக்கர்கள் பனிநீர் பிடித்த இடம்' என்று முடிவுகட்டினார். 1912-ல் தானும் 20 மீட்டர் அகலத்துக்குக் கூழாங்கற்களைக் குவித்தார். கொஞ்சம் தண்ணீரும் வந்தது. ஆனால் அடித்தளம் ஒழுகி, 1915-ல் கதை முடிந்தது. பெரிய காமெடி என்னவென்றால், அந்தப் பழைய குவியல்கள் வெறும் கல்லறைகள் என்று பிற்பாடு தெரிந்தது!

கற்குவியலில் இன்னொரு சிக்கலும் உண்டு. கனமான பொருள் பகல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரே ராத்திரியில் ஆறாது. பனிக்குத் தேவை மெல்லிய, லேசான தகடு.

இப்போது ஒரு குட்டிக் கணக்கு. நீராவியிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீர் உருவாகும்போது சுமார் 2,450 கிலோஜூல் வெப்பம் வெளிப்படும். அதுவும் வானத்துக்குப் போயாக வேண்டும். ஒரு சதுர மீட்டர் தகடு நல்ல ராத்திரியில் இழப்பது அதிகபட்சம் 100 வாட் என்று வைத்தால், 10 மணி நேரத்துக்கு 3,600 கிலோஜூல். அதாவது ஒன்றரை லிட்டர்கூடத் தேறாது. காற்று வேறு தகட்டைச் சூடாக்குவதால், நிஜத்தில் முக்கால் லிட்டர் கிடைத்தாலே ஜாக்பாட். பல நாள் கால் லிட்டர்தான்.

இதை நம்பி யார் இறங்குவார்கள்? குஜராத்தின் கட்ச் பகுதியில் இறங்கினார்கள். மழை குறைவு, நிலத்தடி நீரில் உப்பு. அகமதாபாத் ஐ.ஐ.எம். பேராசிரியர் கிரிஜா சரண் குழுவினர், 2001-ல் அங்கே ஒரு கூரையில் பனிநீர் சொட்டுவதைக் கவனித்து ஆராய்ச்சியில் குதித்தார்கள். பிறகு பனந்த்ரோ என்ற இடத்தில் 850 சதுர மீட்டரில் பனிநீர் அமைப்பே எழுந்தது. சரிவாக விரித்த பிளாஸ்டிக் ஷீட், தரைச்சூடு ஏறாமல் இருக்க அடியில் வெப்பத்தடுப்பு, கீழே தண்ணீர் ஓடும் வாய்க்கால். அவ்வளவுதான். கரன்ட் வேண்டாம். சதுர மீட்டருக்குக் கால் லிட்டர் என்றாலும் ஒரு ராத்திரியில் 200 லிட்டருக்கு மேல். தூசி, பறவை எச்சம் எல்லாம் சேரும் என்பதால், வடிகட்டிக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும்.

ஹாஸ்டல் மொட்டை மாடியில் நீங்களும் டெஸ்ட் பண்ணலாம். இரண்டு தெர்மகோல் அட்டைகள் மேல் பிளாஸ்டிக் ஷீட் விரித்து, ஒன்றைத் திறந்த வெளியிலும் இன்னொன்றை மேஜைக்கு அடியிலும் வையுங்கள். மேகமும் காற்றும் இல்லாத ராத்திரியாகப் பாருங்கள். விடிந்ததும் வித்தியாசம் தெரியும்.

அப்புறம், 'கரன்ட் இல்லாமல் காற்றிலிருந்து தினம் 10 லிட்டர் பனிநீர்' என்று யாராவது விற்க வந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஷீட் எத்தனை சதுர மீட்டர், சார்?"