பழைய டிக்கெட்டுக்கும் விலை உண்டு

2007 டிசம்பர் 3ஆம் திகதி, கண்டி அஸ்கிரிய மைதானத்தில் இங்கிலாந்தின் போல் கொலிங்வூட்டை ஆட்டமிழக்கச் செய்து, ஷேன் வோர்னின் 708 விக்கெட் சாதனையை முறியடித்தார் முத்தையா முரளிதரன். அஸ்கிரியவில் நடந்த கடைசி டெஸ்ட் போட்டியும் அதுவே. பன்வில, வத்தேகம பக்கமிருந்து அன்று போட்டி பார்க்கச் சென்றவர்கள் அந்த டிக்கெட்டை என்ன செய்தார்கள்?

விளையாட்டு நினைவுப் பொருட்களைச் சேர்ப்பது பலருக்குப் பொழுதுபோக்கு, சிலருக்கு வியாபாரம். வோர்னின் டெஸ்ட் தொப்பி 2020 ஜனவரியில் 10 இலட்சத்து 7,500 அவுஸ்திரேலிய டொலருக்கு ஏலம் போனது. ஆனால் அது காட்டுத்தீ நிவாரணத்துக்காக நடந்த ஏலம். அந்த விலையைச் சந்தை விலையாக எண்ணிக் கணக்குப் போடக்கூடாது.

மாணிக்கக்கல் வியாபாரம் தெரிந்தவர்களுக்கு இதன் சூட்சுமம் எளிதில் விளங்கும். கல்லோடு சான்றிதழும் கேட்பது போல, கையொப்பமிட்ட பந்துக்கும் ஆதாரம் கேட்பார்கள். வீரர் கையொப்பமிடும்போது எடுத்த படம், திகதி, யாரிடமிருந்து வாங்கியது என்ற பற்றுச்சீட்டு இவை இல்லாவிட்டால் அது வெறும் பழைய பந்துதான். துடுப்பு மட்டையில் தொழிற்சாலையிலேயே அச்சாகி வரும் கையொப்பத்தைக் காட்டி ஏமாற்றுவோரும் உண்டு.

நமது மலைப்பகுதி ஈரத்தில் தோலும் காகிதமும் பூஞ்சணம் பிடிக்கும். டிக்கெட்டை லெமினேட் செய்யாமல் உறையிலிட்டு, ஈரம் படாத அலுமாரியில் வையுங்கள். கடை முதலை மட்டும் இதில் போடவேண்டாம். காசோலைக்குப் பணம் தேவைப்படும் நாளில் வாங்க ஆள் கிடைக்காது.